அலையாட்டத்தால் வாந்தி

இலோயிலோ,
ஆகஸ்ட் 9

என் பிரியமுள்ள காசியானோவுக்கு ரொசெண்டா எழுதுவது. தேவமாதா உங்களைக் காப்பாளாக. நானும் பிள்ளைகளும் இருக்கிறோம். சுகம் என்று பொய் எழுத மனம் வரவில்லை. கப்பலிலிருந்து இறக்கி மயாமியில் கம்பெனி உங்களை அடைத்து வைத்திருக்கும் ஓட்டலில் சோறாவது போடுகிறார்களா?

நேற்று செவெரோ வந்தார். நம் கல்யாணத்தில் ஞானத்தகப்பனாக நின்று, கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவராக உங்களைக் கப்பல் நர்சாகவும் அனுப்பிவைத்த அதே செவெரோ. ஒரு பெட்டி மாம்பழம், கூடவே கம்பெனி வக்கீல். உங்கள் கப்பலில் நோய் தொற்றிய பயணிகள் நானூறு பேர் வழக்குப் போட்டிருக்கிறார்களாம். முன்பதிவெல்லாம் ரத்தாகி இரண்டு கப்பல்கள் சும்மா நிற்கின்றனவாம். "காசியானோ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும்மா. நோய் பரவினத மேல சொல்லாம மறைச்சது அவன்தான்னு ஒத்துக்கட்டும். லைசென்ஸ் போகும், அவ்வளவுதான். உன் மகனுக்கு நான் வேலை போட்டுத் தர்றேன். உங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன், மறந்துடாதே" என்றார். கையெழுத்துப் போடும்படி, அவர் சொல்லச் சொல்ல உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். ஞானத்தகப்பன் பேச்சை இந்த ஊரில் யார் முகத்துக்கு நேரே தட்டியிருக்கிறார்கள்? அந்தக் கடிதம் முதலில் வந்து சேரும். அதை நம்பாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது. சோப்புக்கும் டின் இறைச்சிக்கும் நடுவே, கப்பலில் நோயாளிகளை நீங்கள் குறித்து வைத்த நோட்டு இருந்தது. முப்பத்தொரு பெயர்கள். எல்லாவற்றுக்கும் எதிரே 'அலையாட்டத்தால் வாந்தி'. அடியில், நோய் என்று எழுதினால் அடுத்த துறைமுகம் உள்ளே விடாது, இப்படியே எழுது என்று கேப்டன் உத்தரவிட்டதாகத் தேதியோடு குறித்திருக்கிறீர்கள்.

பதினேழாவது பெயர் நம் பக்கத்து வீட்டு நெமெசியோ. அதே கப்பலில் சலவைப் பிரிவில் இருந்து, அந்த நோயில் செத்துப்போன பிள்ளை. அவன் அம்மா பெலிங் தினமும் வந்து, "என் புள்ள வைத்தியம் கேட்டானா, இல்ல சொல்லாமலே கிடந்து செத்தானா?" என்று கேட்கிறாள். கேட்டிருக்கிறான். ஒரு மாத்திரை கொடுத்து வேலைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

இன்று காலை நோட்டைப் பெலிங்கிடம் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். என்னால் இனி அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாது. அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். படித்து முடித்துக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நாளை நோட்டோடு வேறொரு வக்கீலிடம் போகிறாள்.

கம்பெனி நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உத்தரவு யாருடையது என்று சொல்லுங்கள். மாத்திரை கொடுத்தது யார் என்றும் சொல்லுங்கள். ஜெயில் என்றாலும் நான் வந்து பார்ப்பேன்.

பெலிங் வாசலைத் தாண்டித்தான் நம் வீட்டுக்கு வர வேண்டும். அங்கே நின்று அவளிடம் பேசிவிட்டு வரக்கூடிய மனுஷனாக உங்களை ஆண்டவர் திருப்பி அனுப்பட்டும்.

உங்கள்
ரொசெண்டா