முப்பத்தொன்பது புள்ளி இரண்டு

டிரெஸ்டன்
கிழக்கு ஜெர்மனி
14.2.1965

அன்புள்ள மாமாவுக்கு,

பாமா கும்பிட்டு எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதீர்கள்.

உங்கள் அப்பா காரியத்துக்குப் போய்ப் பதினைந்து நாளில் திரும்புவேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போனீர்கள்? பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து இலை எடுக்கும் முன்னே போலீஸ் வந்து கூட்டிப் போனதாக உங்கள் அண்ணன் எழுதியிருந்தார். காலேஜில் படித்தபோது கம்யூனிஸ்டு கட்சிக் கூட்டம் நாலுக்குப் போனீர்கள். அதற்கு இப்போது என்ன வந்தது?

உங்களோடு இங்கே படிக்க வந்த பக்கத்து அறை அசோகன் தம்பியிடம் கேட்டேன். "சீனாக்காரன் எல்லைக்குள்ள வந்தப்ப போட்ட நெருக்கடி நிலை அண்ணி. ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு, இன்னும் எடுக்கல. அது இருக்கற வரைக்கும் கேசு இல்லாமலே உள்ள வெச்சிருக்கலாம்" என்றார். சீனாக்காரன் அப்போதே திரும்பிப் போய்விட்டானாமே. அவன் வீட்டுக்குப் போயாகிவிட்டது, நீங்கள்தான் வரவில்லை.

நானாவது கிளம்பி வரலாம் என்றால், நமக்கு இருப்பது ஒரே பாஸ்போர்ட். என் போட்டோவும் சியாமளா பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டில்தான் இருக்கின்றன. அது போலீஸ் கையில். அப்படியென்றால் நானும் இங்கே உள்ளேதான் இருக்கிறேன்.

சியாமளாவுக்கு அஞ்சு மாதம் ஆகிவிட்டது. கவிழ்ந்துவிட்டாள். தலையைத் தூக்கி உங்கள் போட்டோவைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரிக்கிறாள். கரி அடுப்பு அணைந்தால் அறை ஐஸாகிவிடுகிறது. அவளை என் புடவைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

தங்கள் பாமா


சிறைச்சாலை
20.3.1965

அன்புள்ள பாமா,

வாரத்துக்கு ஒரு கடிதம், ஒரு பக்கம் மட்டும் எழுத விடுகிறார்கள். நீ எழுதுவதை அதிகாரி ஒருவர் முதலில் படிப்பார். அதனால் சீனா, நெருக்கடி நிலை என்றெல்லாம் எழுதாதே. குழந்தையைப் பற்றி எழுது. அவள் எத்தனை தடவை தும்மினாள் என்று எழுதினாலும் போதும்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, என்னை வைத்திருப்பதா விடுவதா என்று பார்ப்பார்கள். ஜூனில் என் முறை. எனக்கு எதிராகக் காகிதத்தில் ஒன்றுமே இல்லை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பல் முளைக்கும்போது நான் அங்கே இருப்பேன் என்று அவளிடம் சொல்.

உன் கோபாலன்


டிரெஸ்டன்
25.4.1965

அன்புள்ள மாமாவுக்கு,

பாமா கும்பிட்டு எழுதுவது. பயப்படாமல் படியுங்கள். உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

குழந்தைக்குக் காய்ச்சல். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இங்கே தாய் கூட இருக்கக் கூடாதாம். புதன், ஞாயிறு ஒரு மணி நேரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். நான் கண்ணாடியைத் தட்டினால் அவள் திரும்புகிறாள். பால் கட்டி வலிக்கிறது. கழுவு தொட்டியில் பீய்ச்சிவிடுகிறேன்.

நர்ஸ் இங்கிரிட் நல்ல பெண். அவள் பேசுவது எனக்குப் புரியாது என்று தெரிந்து, தினமும் வாசலில் ஒரு துண்டுக் காகிதத்தில் குழந்தையின் காய்ச்சலை எழுதிக் கொடுக்கிறாள். எண் படிக்கத் தெரியுமே எனக்கு. அதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குப் புரியும்.

திங்கள் 38.6, 39.2. செவ்வாய் 39.4, 39.2. புதன் 38.9, 39.8. வியாழன் 40.1. வெள்ளி 39.2, 40.1. சனி 39.7.

இது இறங்குகிறதா ஏறுகிறதா மாமா? எந்த எண் வந்தால் நான் தூங்கலாம்?

உங்கள் போட்டோவை அவள் தலைமாட்டில் வைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

தங்கள் பாமா


சிறைச்சாலை
22.5.1965

அன்புள்ள பாமா,

உன் கடிதம் கிடைத்தது. ■■■■■■■■■■■■■■■■■■■■■■■■ கடைசி வரியை இருபது தடவை படித்துவிட்டேன். என் போட்டோவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாளா! திருட்டுக் குட்டி.

பல் வந்துவிட்டதா? கீழ்ப்பல் முதலிலா, மேல்பல் முதலிலா? மேல்பல் முதலில் வந்தால் மாமனுக்கு ஆகாது என்பாள் என் அம்மா. உன் தம்பியை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்.

இன்னும் ஒரு மாதம்தான்.

உன் கோபாலன்


டிரெஸ்டன்
13.6.1965

மாமாவுக்கு,

கும்பிட்டு எழுதவில்லை. கை வரவில்லை.

நாற்பது புள்ளி ஒன்று என்று எழுதியவளிடம் பல் வந்ததா என்று கேட்கிறீர்கள். நடுவில் கறுப்பு மை பூசியிருந்தது. அதற்கு அடியில் ஏதாவது ஆறுதல் எழுதியிருப்பீர்களோ என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த இடத்தில் தமாஷ் எழுதியிருக்கிறீர்கள். எப்படி மனசு வந்தது?

கீழ்ப்பல் முதலில் வந்தது. ஒன்றுதான் வந்தது.

மே மாதம் எட்டாம் தேதி சனிக்கிழமை காலை. அன்று இங்கே லீவு. உலகச் சண்டை முடிந்து இருபது வருஷமாம், தெருவெல்லாம் கொடி, பாண்டு வாத்தியம். கண்ணாடிக்கு உள்ளே என்னைக் கூப்பிட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. பார்க்கும் நாள் இல்லையே, உள்ளே விடுகிறார்களே என்று. இங்கிரிட் அன்று காகிதம் தரவில்லை.

அசோகன் தம்பியும் நானும்தான் போனோம். சின்னக் குழந்தையை நம் வழக்கத்திலும் புதைப்பதுதானே, அந்தமட்டும் குறை வைக்கவில்லை. கையில் பால் கொண்டுபோயிருந்தேன். மண்ணில் ஊற்றினேன். அப்பன் இருந்து முதல் பிடி மண் போட வேண்டும், தம்பி போட்டார்.

இந்த ஊரில் முடிந்த சண்டைக்குக் கொடி கட்டுகிறார்கள். நம் ஊரில் முடிந்த சண்டையை முடிந்தது என்று எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. எழுதியிருந்தால் நீங்கள் கண்ணாடிப் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். டாக்டரிடம் அவர் பாஷையில் நாலு வார்த்தை கேட்டிருப்பீர்கள்.

பதில் எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

பாமா


28.9.1965

என் பாமா,

இது தபால் பெட்டி வழியாக வரும் கடிதம் இல்லை. நாளை விடுதலையாகும் பாலச்சந்திரன் என்ற நண்பர் செருப்புக்குள் வைத்து எடுத்துப்போய் வெளியில் அனுப்புவார். இது கிடைத்ததாக நீ எழுதாதே. அவரை மறுபடி பிடித்துவிடுவார்கள்.

ஏப்ரலுக்குப் பிறகு உன் கடிதம் ஒன்றுகூட எனக்குத் தரவில்லை. காரணம் ஜூனில்தான் தெரிந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கடிதங்களைப் படிக்கும் அதிகாரி உன் ஏப்ரல் கடிதத்தின் நகலை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்.

"என்னய்யா இது? முப்பத்தொன்பது புள்ளி ரெண்டு, நாப்பது புள்ளி ஒண்ணு. எந்த ரேடியோ நம்பரு?"

அவர் ஒவ்வொரு எண்ணாக வாசித்தார் பாமா. நம் பிள்ளைக்கு வந்த காய்ச்சலை அவர் வாயால்தான் கேட்டேன். எனக்குத் தந்த காகிதத்தில் கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு மைதான். அதனால்தான் பல்லைப் பற்றி எழுதினேன்.

"சார், அது காய்ச்சல். என் குழந்தைக்குக் காய்ச்சல்" என்றேன்.

"காய்ச்சல்னு எழுதினா நம்பிடுவோமா? நானும் புள்ள பெத்தவன்தான். நல்லா இருக்கற ஒடம்பே தொண்ணூத்தெட்டு காட்டும். முப்பத்தொன்பதுன்னா அது பொணம்யா."

"ஜெர்மனியில அளவு வேற சார், சென்டிகிரேடு."

"கம்யூனிஸ்டு நாட்டுல காய்ச்சலும் வேறயா?" என்றார். குமாஸ்தாக்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த எண்களை ரகசியக் குறி என்று என் கோப்பில் ஒட்டி, இன்னும் ஆறு மாதம் போட்டுவிட்டார்கள். அதற்குள் பாகிஸ்தான் சண்டை வந்தது. அதுவும் போன வாரம் நின்றுவிட்டது, ஆனால் நெருக்கடி நிலை தொடரும் என்கிறார்கள். முதலில் சீனாவுக்காக, இப்போது பாகிஸ்தானுக்காக. எதிரி மாறினாலும் பூட்டு மாறவில்லை.

உன்மேல் தப்பு இல்லை. நீ எண் எழுதியது என்மேல் இருந்த நம்பிக்கையால். எனக்குக் காய்ச்சலின் கடைசி எண் தெரிய வேண்டும், ஆனால் எண் எழுதாதே. 'நலம்' என்று ஒரு வார்த்தை எழுது. அதை வெட்டமாட்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகளை நன்றாகப் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும். இந்நேரம் சுவரைப் பிடித்து நடப்பாள். ஒரே ஒரு வார்த்தை.

கோபாலன்


டிரெஸ்டன்
24.10.1965

கடிதம் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கு,

கைதி கோபாலன் சம்சாரம் பாமா கும்பிட்டு எழுதுவது. இந்தத் தடவை கடிதம் உங்களுக்குத்தான். எப்படியும் முதலில் படிப்பவர் நீங்கள்தானே.

என் வீட்டுக்காரருக்கு நலம் என்று எழுதினால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள். எழுதிப் பார்த்தேன் ஐயா. மூன்று காகிதம் கிழித்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, பிள்ளை நடக்கிறாள், பேசுகிறாள் என்று உள்ளே உட்கார்ந்து வளர்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் ஒருநாள் வெளியே வந்து எங்கே என்று கேட்பாரே.

எங்கள் குழந்தை சியாமளா மே மாதம் எட்டாம் தேதி போய்விட்டாள். இதைக் கறுப்பு மை போட்டு அடிக்காதீர்கள். காகிதமாகவும் கொடுக்காதீர்கள். அவரைக் கூப்பிட்டு, ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, உங்கள் வாயால் சொல்லுங்கள். கீழ்ப்பல் முதலில் வந்தது என்றும் சொல்லுங்கள். போன கடிதத்தில் அவரைத் திட்டி எழுதியிருந்தேன். கொடுக்காமல் வைத்திருந்தால் நல்லதாகப் போயிற்று, அதைக் கிழித்துவிடுங்கள்.

பொட்டலத்தில் இருப்பது தெர்மாமீட்டர். நான் ஏப்ரலில் எழுதிய எண்கள் ஆஸ்பத்திரியில் இதே மாதிரி ஒன்றில் பார்த்தவைதான். உங்களுக்குச் சந்தேகம் வந்திருந்தால் அது இயற்கை, எனக்கும் இங்கே வந்துதான் இந்த அளவு தெரியும். அது உடையாமல் இருக்கக் குழந்தையின் கம்பளிக் காலுறையில் சுற்றியிருக்கிறேன். காலுறையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் உங்களுக்கு.

நன்றாக உதறிவிட்டு, உங்கள் கக்கத்தில் வைத்துப் பத்து நிமிஷம் அசையாமல் உட்காருங்கள். முப்பத்தாறு புள்ளி ஏழோ எட்டோ காட்டும். பயப்படாதீர்கள் ஐயா. நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள்.

சியாமளாவின் அம்மா,
பாமா