கீழே ஓடும் சாம்பல் வரி

இன்று காலை கட்டுகஸ்தோட்டை ஆய்வுகூடத்துக்கு இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் கொம்பியூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். திரையில் ஜன்னல்போல ஒரு சாம்பல் நிறச் சதுரம், அதற்குள் சில வெள்ளைப் பெட்டிகள், மூலையில் புரோகிராமை ஓடவைக்க ‘ஓட்டு’ என்றொரு பட்டன். அந்த ‘டு’வின் கால் கோணலாக இருந்தது. தமிழ் எழுத்துரு எங்களிடம் இல்லாத நாட்களில் நீ மவுஸைப் பிடித்துக் கையால் வரைந்த எழுத்து அது. நீ செத்து ஒரு வருடமாகிறது. உன் ஜன்னல் இன்னும் வேலை செய்கிறது.

எனக்கு உண்டானது துக்கம் என்று எழுதினால் பார்க்க நன்றாக இருக்கும். உண்டானது பொறாமை.

கண்டியில், பேராதனை வீதிச் சப்பாத்துக் கடைக்கு மேலே நாம் வேலை செய்த கந்தோரை நினைத்துக்கொண்டேன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் பறித்த கொழுந்தின் நிறுவையை அனுப்பும். மாதமுடிவில் அவர்களுக்குக் கணக்குப் போட்டு அச்சிட்டுக் கொடுப்பது நம் வேலை. அதற்கான புரோகிராம்களை எழுதியவன் நான். யாழ்ப்பாணத்திலிருந்து பட்டத்தோடு வந்து, அந்த யுத்த நாட்களில் ஒரு அறை வாடகைக்கு எடுக்கவே பொலிஸ் பதிவுக்கு அலைந்தவனுக்கு, அந்தக் கறுப்புத் திரை ஒன்றுதான் சொந்த இடமாக இருந்தது. கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். முதலில் மாதம், பிறகு தோட்டப் பிரிவு, பிறகு பைல். வரிசை மாறினால் புரோகிராம் முறையிடாது. வேறொரு கணக்கைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கும்.

மடவளையிலிருந்து வேலைக்கு வந்த, நாம் நானா என்று கூப்பிட்ட முஸ்லிம் பெரியவர் ஒருமுறை பிரிவை முன்னால் போட்டுவிட்டார். நாலாம் பிரிவின் ஜூலைக்குப் பதிலாக ஏழாம் பிரிவின் ஏப்ரல் அச்சாகிப் போயிற்று. தோட்டத்துத் துரை தொலைபேசியில் கத்திய கத்தல் வீதிவரை கேட்டிருக்கும்.

“தம்பி, ஒங்கட கறுப்புத் திரையக் கண்டா மய்யித்து கெடக்கிற ஊட்டுக்குள்ள போன மாதிரி இரிக்கி” என்றார் நானா.

“மாதம்தான் முதல், நானா. எந்தக் காலத்துக் கணக்கெண்டு தெரியாமல் என்னத்தை எண்ணுறது?” என்றேன்.

பக்கத்து மேசையில் வேலை செய்த நீ கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து சிரித்தாய். “நீங்க எழுதுனது சரிதான் அண்ணே. ஆனா நீங்க ஒரு நாள் வரலைன்னா இந்தக் கந்தோர்ல பூனைகூட அத ஓட்டாது.”

“அதாலதான் நான் இங்க இருக்கிறன்” என்றேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சில வாரங்களில் ஜன்னலோடு வந்தாய். எந்தப் புரோகிராமுக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு சின்ன பைலில் எழுதிவைத்தால், ஜன்னல் தானே பெட்டிகளை வரைந்துகொள்ளும். நிரப்பிவிட்டு ‘ஓட்டு’ என்பதை அமுக்கினால் போதும். எனக்குப் பதிலாகக் கட்டளையைத் தட்டுவது தவிர அது வேறெதுவும் செய்யவில்லை. கணக்கை எண்ணியது என் புரோகிராம். முதலாளி தட்டிக்கொடுத்தது உன் தோளை. நானா உனக்கு வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்தார்.

நான் உன் ஜன்னலைத் தொடவில்லை. அது தெரிந்து நீ ஜன்னலின் அடியில் ஒரு வரியைச் சேர்த்தாய். உள்ளே போகும் முழுக் கட்டளையும் அதில் சாம்பல் எழுத்தில் ஓடும். “மத்தவங்க பட்டனப் பாக்கட்டும். இது உங்களுக்கு அண்ணே. மாசமோ தேதியோ, அது எப்பவும் முதல்லதான் போகும், அத யாரும் மாத்த முடியாதபடி உள்ளயே எழுதிட்டேன்.”

“உன்ர பொம்மையை நீயே வச்சு விளையாடு” என்றேன்.

அந்த மாதமுடிவில் கொழும்பில் குண்டு வெடித்தது. மறுநாள் விடியுமுன் பொலிஸார் கண்டி விடுதிகளைச் சுற்றிவளைத்து, வடக்குப் பிறப்பிடம் எழுதிய அடையாள அட்டை வைத்திருந்தவர்களை, என்னையும் சேர்த்து, ஏற்றிக்கொண்டு போனார்கள். பொலிஸ் நிலையத் தரையில் உட்கார்ந்து நான் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்று கணக்கு ஓடாது. தோட்டங்கள் கத்தும். நான் தன்னிடம் வேலை செய்பவன் என்ற கடிதத்தோடு முதலாளி ஓடிவருவார்.

அன்று யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதன் பிறகு நீ வந்தாய். கடிதத்தை நீயே அடித்து, முதலாளியைத் துரத்திப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தாய். என்னால் ஒரு வாக்கியம் ஒழுங்காகச் சொல்ல முடியாத சிங்களத்தில் பொலிஸ்காரரோடு பகிடி பேசினாய். அவர் சிரித்தார். என்னை விட்டார்கள்.

வெளியே வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “கணக்கு?”

“போயிருச்சு அண்ணே. நானாவே ஓட்டிட்டாரு.”

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு நீ குனிந்தபடி சொன்னாய்: “அந்தப் பட்டன நான் போடாம இருந்திருந்தா முதலாளி மொத நாளே ஓடி வந்திருப்பாரு.”

யாரும் வராமல் தரையில் கிடந்த இரண்டாம் நாள் முழுதும் உன் முகத்தில் எறிவதற்காக நான் கூராக்கி வைத்திருந்த வாக்கியம் அது. அதையும் நீயே எடுத்துக்கொண்டாய். குற்றம் சாட்டக்கூட எனக்கு எதுவும் மிஞ்சவில்லை. உனக்கு நன்றி சொன்னேன். உன்னை மன்னிக்கவில்லை.

பின்னர் தோட்டங்கள் வேறு இடத்துக்குப் போயின, கந்தோர் மூடப்பட்டது. என் புரோகிராம்கள் எந்த டிஸ்க்கில் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. உன் ஜன்னலை மட்டும் ஆளுக்காள் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். உன் சாவு வீட்டில் நானா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்காக அவர் அப்படி அழமாட்டார் என்று அங்கே நின்றே நினைத்தேன்.

“கொஞ்சம் இரிங்க அங்கிள்” என்று சொல்லி அந்தப் பெண் பட்டனை அமுக்கினாள். நான் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அடியில் சாம்பல் எழுத்து ஓடியது. எனக்குத் தெரியாத யாரோ எழுதிய புரோகிராமின் பெயர். அதன் பின்னால் முதலில் தேதி, பிறகு என் இலக்கம், பிறகு பைல். உன் ஜன்னல் அப்படித்தான் கொடுக்கும் என்பதால், அந்த யாரோவும் என் வரிசைக்கு வளைந்து எழுதியிருக்கிறான்.

“பிள்ளை, கீழ ஒரு வரி ஓடுதே, அது என்ன?”

“அதுவா அங்கிள்? அது சும்மா வாறது. ஒருத்தரும் பாக்கிறல்ல.”

நான் பார்த்தேன். நீ சொன்னதுபோல அது எனக்குத்தான். உலகத்தில் எனக்கென்று மிஞ்சிய அந்த ஒரு வரியையும் நீதான் வைத்திருந்து தரவேண்டியிருந்தது. முடிவுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். அதை இன்னும் பொறுக்க முடியவில்லை.