பிரிட்ஜுக்குப் பின்னால் கிடந்த துண்டு

அண்ணை,

போன கிழமை நம்முடைய பிரிட்ஜ் உயிரை விட்டது. அதை நகர்த்த ஒரு யானைப்படையே வேண்டியிருந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாக இந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் படை. பின்னால் தூசிக்குள் உங்கள் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். கீழே வழக்கம்போல என் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு இல்லை.

தாயில்லாத உங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு மொன்றியலுக்கு முதலில் வந்தவன் நான். எனக்குப் பிரெஞ்சு பழகவேண்டும் என்று அவளோடு பிரெஞ்சிலேயே கதைத்தேன். நீங்கள் வந்திறங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. தமிழில் அப்பா, சித்தப்பா, இரண்டே சொற்கள். உங்களுக்கு டோர்வல் விமான நிலையத்தில் இரவுத் துப்புரவு வேலை. நீங்கள் தூங்கும்போது அவள் பள்ளிக்குப் போவாள். அதனால் பிரிட்ஜ் கதவில் தமிழில் எழுதி ஒட்டுவீர்கள். இந்த மகாபண்டிதன் கீழே பிரெஞ்சில் எழுதுவான்.

நீங்கள் "தொப்பி போடு" என்று எழுதினால், 'உன் அப்பா நேற்று பனியில் புதைந்த விமானத்தை ஒற்றைக் கையால் இழுத்தெடுத்தார், அவர் மகள் தொப்பியில்லாமல் போகலாமா' என்று நான் எழுதுவேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒருநாள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டே கேட்டீர்கள்: "தொப்பி போடு எண்டதுக்கு ஏன்ரா இவ்வளவு நீளம்?"

"பிரெஞ்சு அப்பிடித்தான் அண்ணை. நீளமான பாஷை."

நம்பிவிட்டீர்கள் என்றே இருந்தேன். துண்டில் இப்படி எழுதியிருந்தீர்கள்:

"தம்பி, உன்ரை புளுகெல்லாத்தையும் வேலையிலை ஒருத்தன் வாசிச்சுச் சொன்னவன். இண்டைக்கு மட்டும் நான் எழுதினதையே எழுது: பிள்ளை, பள்ளிக்கூடம் போகமுன்னம் அப்பாவை எழுப்பு. உன்ரை முகத்தைப் பாக்கவேணும்."

அது என் கண்ணில் படுமுன்பே பிரிட்ஜுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. அவள் எழுப்பவில்லை. அப்பா தூங்கட்டும் என்று சப்பாத்தைக் காலில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்குவாள். அப்படிப் பழக்கியவனும் நான்தான். ஏன் எழுப்பவில்லை என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. மறுபடி தொப்பியைப் பற்றியே எழுதினீர்கள்.

அவள் இப்போது கியூபெக் நகரில் படிக்கிறாள். தொலைபேசியில் அதைப் பிரெஞ்சில் வாசித்தேன், ஒரு சொல்லும் கூட்டாமல். பிறகு, அப்பா வேறொன்றும் எழுதவில்லையா என்று கேட்டாள். என் நாக்கில் நூறு விமானங்கள் வந்து நின்றன, அண்ணை. ஒன்றையும் பறக்கவிடவில்லை. அவ்வளவுதான் என்றேன்.

புதுப் பிரிட்ஜின் கதவில் அந்தத் துண்டு இருக்கிறது. காலையில் வேலைக்குப் போகுமுன் உங்கள் அறைக்கதவை ஒருதரம் தட்டிவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.