உத்தர நுனிகள் இருபத்தெட்டு

மார்ச் 4, செவ்வாய்
காலை நடை முப்பது நிமிடம். தேவாலயத்தில் ஏசி பொருத்துவதென்று கட்டடக் குழு ஒருமனதாக முடிவு செய்தது. அந்த ஒருமனதில் நானும் உண்டு. கையைத் தூக்கினேனா, கணக்கில் சேர்த்துக்கொண்டார்களா, தெரியவில்லை. போன வாரம் மணப்பெண்ணே புழுக்கத்தில் மயங்கி விழுந்த பிறகு யார் மறுப்பார்கள்? வேலையை எடுத்திருப்பவர் என் மாப்பிள்ளை.

மார்ச் 9, ஞாயிறு
சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை வரைபடத்தை விரித்தார். "குளிர்ந்த காத்து ஒரு பொட்டு வெளிய போகக் கூடாது மாமா. மேல உத்தரத்தைச் சுத்தி இருக்கிற இடுக்கையெல்லாம் பஞ்சு வச்சு அடைச்சிடுவோம்."

முப்பத்தோரு வருடம் அரசுக் கட்டடங்களைப் பராமரித்த பொறியாளன் நான். உத்தரத்தின் நுனி சுவருக்குள் நுழையும் இடத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டது அந்தக் காலத்துக் கொத்தனாரின் கைத்தவறு அல்ல. மரம் அதன் வழியாகத்தான் ஈரத்தை விடுகிறது. அதை அடைத்துக் குளிரவும் வைத்தால் உள்ளே தண்ணீர் கோத்து மக்கும். கண்ணுக்குத் தெரியும்போது கூரை தலையில் இருக்கும்.

சொல்ல வாயெடுத்தேன். "டீ ஆறுதுப்பா" என்றாள் மகள். குடித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்
பாதிரியார் சான்றிதழோடு வந்தார். "பழைய கட்டடம்னு மேலிடத்துல ஆயிரம் கேள்வி கேப்பாங்க. ஐயா கையெழுத்துன்னா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க." மாப்பிள்ளை பேனா மூடியைக் கழற்றி நீட்டினார். "கட்டடத்துக்கு எவ்விதப் பாதிப்பும் இல்லை." போட்டேன். கையெழுத்து அழகாகவே விழுந்தது. கொஞ்சம் கோணலாகவாவது விழுந்திருக்கலாம்.

மார்ச் 12
ஏன் போட்டேன்? என் படிப்பு பழையது, ஒருவேளை நான் நினைப்பதே தவறாக இருக்கலாம். அது ஒரு காரணம். இன்னொன்று, இருப்பது மாப்பிள்ளை வீட்டில். ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. அதுதான் கஷ்டம். சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நானா? சண்டையா?

மார்ச் 23, ஞாயிறு
என்னைக் கேட்காமலே என் அறைக்கும் ஏசி. ஜன்னல் இடுக்கெல்லாம் அதே மஞ்சள் பஞ்சு. "இனிமே நீங்க ராஜா மாமா!" ராஜா கம்பளிக்குள் படுத்திருக்கிறார்.

ஏப்ரல் 6, ஞாயிறு
தேவாலயத்தில் முதல் குளிர்ந்த ஆராதனை. "பிரசங்கத்துல தூங்க இப்பத்தான் வசதி" என்றார் மணியடிப்பவர். எல்லோரும் மாப்பிள்ளைக்குக் கை கொடுத்தார்கள். நான் அண்ணாந்து பார்த்தேன். பதினான்கு உத்தரம், இருபத்தெட்டு நுனி. ஏசி ஒருநாள் ஓடும், ஆறு நாள் சும்மா இருக்கும். குளிர்ந்தும் சூடாகியும் மரம் மாறி மாறி வேர்க்கும், அதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஏப்ரல் 24, வியாழன்
மதியம் தேவாலயத்தின் பாடகர் மாடத்துக்கு ஏறினேன். சும்மா பார்க்கத்தான். அங்கிருந்து முதல் நுனி கைக்கெட்டும் தூரம். பழைய குடைக்கம்பியை வளைத்து எடுத்துப் போயிருந்தேன். அப்படியென்றால் சும்மா பார்க்க இல்லை. பஞ்சு பல் மாதிரி கழன்று வந்தது. ஈரம்.

பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, நுனி எண், தேதி, நேரம் எழுதினேன். எதற்கு? பழக்கம்.

ஏப்ரல் 28
நுனி 2, 3, 4. மாடத்திலிருந்து எட்டுவது இவ்வளவுதான். மீதி இருபத்து நாலுக்கு ஏணி வேண்டும். எனக்கு முக்காலியில் ஏறினாலே தலை சுற்றும்.

மே 6, செவ்வாய்
பாடகர் குழுப் பக்கம் குளிரவில்லை என்று புகார். "எங்கயோ லீக்கு மாமா. எலியா இருக்குமோ?"
"இருக்கலாம்" என்றேன்.

மே 9
திருட்டுக்கும் கோப்பு வைக்கிறவன் உலகத்தில் நான் ஒருவன்தான். பைகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? வரிசை கெட்டுவிடும்.

மே 11, ஞாயிறு
ரிமோட்டுக்குப் பேட்டரி தேடி மகள் என் இழுப்பறையைத் திறந்தாள். நாலு பை. மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார்.

"இது உங்க எழுத்துதானே மாமா?"

குனிந்து என் எழுத்தையே பார்த்தேன்.

"ஊரே என்னைக் கேக்குது. நான் எலிப்பொறி வாங்கி வச்சிருக்கேன்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? கையெழுத்து வேற போட்டீங்களே!"

ஆமா, போட்டேன். பயந்து போயி போட்டேன். என்னத்தச் சொல்ல? எங்க போயி நிக்க? இவ்வளவும் மனசுக்குள்தான்.

அவர் மூன்றாம் பையைப் பிரித்துப் பஞ்சைப் பிழிந்தார். என் படுக்கை விரிப்பில் தண்ணீர் சொட்டியது. தேதியை மறுபடி பார்த்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து போய்விட்டார்.

மே 12
"அவர் சாப்பிடாமப் போயிட்டாருப்பா." பெட்டியை இறக்கினேன். எங்கே போவது? திரும்ப ஏற்றி வைத்தேன்.

மே 14, புதன்
நாலு மணிக்கு வாசலில் நின்று, "கிளம்புங்க மாமா" என்றார். பெட்டியை எடுக்கவா என்று கேட்டேன். "பெட்டி எதுக்கு? நுனி எண் எழுத ஒரு நோட்டை எடுங்க."

தேவாலயத்தில் பெரிய ஏணி சாத்தியிருந்தது. அவர் ஏறினார், நான் பிடித்துக்கொண்டேன். ஐந்தாம் நுனியில் பஞ்சு ஈரம். ஆறாவதில் மரமே கறுத்திருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தார், கீறல் விழுந்தது. வெகுநேரம் இறங்காமல் அங்கேயே நின்றார்.

"என்ன, எலி பிடிபட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் மணியடிப்பவர்.

"பிடிபட்டுச்சு. வீட்டு எலிதான்" என்றார் மேலேயிருந்து. சிரித்தாரா என்று கீழிருந்து தெரியவில்லை.

இன்று எட்டு நுனி. மீதி பதினாறு. சான்றிதழைத் திரும்பப் பெறுவதாகப் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினேன். என் கையெழுத்துக்குக் கீழே மாப்பிள்ளையும் போட்டார். என்னுடையது கொஞ்சம் கோணல்.

அறைக்கு வந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டேன். என் ஜன்னலில் இருக்கும் பஞ்சைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.