நடுங்காத மொனிட்டர்

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

டைப்பிங் கடையில் நான் வேலை செய்யும் மொனிட்டரின் நடுக்கம் இன்றைக்கு நின்றுவிட்டது. இத்தனை மாதமும் கறண்டைத் திட்டினேன், ஜெனரேட்டரைத் திட்டினேன். மத்தியானத்துக்குள் கண் எரிந்து நீர் வடியும். காத்தான்குடியிலிருந்து பிரிண்டர் திருத்த வந்த மெக்கானிக் நானா திரையைக் கடைக்கண்ணால் ஒருமுறை பார்த்தார்.

"கறண்டுல பிழை இல்ல தங்கச்சி. ரிஃப்ரெஷ் ரேட் அறுபதுல கெடக்கு, அதுதான் துடிக்குது" என்று சொல்லி, எண்பத்தைந்தாக மாற்றினார். திரை சுவர் மாதிரி அசையாமல் நின்றது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

பின்னேரம் கிரான் ஊரிலிருந்து வரும் அம்மா வந்தார். ஆமி பிடித்துக்கொண்டு போய் இன்னும் விடாத மகனைக் கேட்டு மாதாமாதம் மனு அடிப்பிக்க வருகிறவர். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அன்று மகன் போட்டிருந்த சட்டையின் நிறத்தைச் சொன்னவர், நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இந்த இடத்தில நீ எப்பவும் கண்ணத் தொடைப்பாய் புள்ள. வேற கடையில ஆரும் எண்ட முகத்தப் பார்க்கவும் மாட்டாங்க. அதுக்குத்தான் பஸ் ஏறி இஞ்ச வாறநான்."

அது மொனிட்டரால் வந்த நீர் என்று எப்படிச் சொல்வது? "ஓம் அம்மா" என்றேன், அவ்வளவுதான்.

மனுவை மடித்துக்கொண்டே சொன்னார்: "பரவாயில்ல. நீயும் பழகிட்டாய்."

குரலில் கோபமே இல்லை.

நாளைக்கு மொனிட்டரைத் திரும்ப அறுபதில் போடலாமா என்று யோசிக்கிறேன். எனக்குப் பைத்தியம்தான்.