கனைக்கும் கானாங்கோழி

மார்ச் 3, திங்கள்

பதில் வந்துவிட்டது. விடிந்ததும் சதுப்பில் முழங்கால் சேற்றில் நின்று, கானாங்கோழியின் குரலை ஒலிபெருக்கியில் போட்டேன். நாணலுக்குள்ளிருந்து பதில் கூவல். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒற்றைச் செருப்போடு அலுவலகம் போயிருக்கிறேன்.

இந்தக் கோழி முகம் காட்டாது. குரலை வைத்துத்தான் கணக்கு. எங்கள் அலுவலகம் தயாரிக்கும் நாட்டின் சுற்றுச்சூழல் நிலை அறிக்கை இந்த மாதம் அச்சுக்குப் போகிறது. ஊரைச் சுற்றியிருந்த சதுப்புகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். கோழி இல்லையென்றால் இதையும் ‘அழிந்தது’ என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் சாலைக்காக மண் கொட்டத் தடையில்லை. எதிர்க்கரையில் இப்போதே லாரிகள் நிற்கின்றன.

மார்ச் 5

இன்று மூன்று இடத்திலிருந்து பதில். கூவி முடித்ததும் மெல்ல ஒரு கனைப்பு வேறு. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கனைப்பு. புது வகையோ? என் பெயரை வைப்பார்களோ?

“கோழிக்குச் சளி புடிச்சிருக்கும்டி,” என்றாள் அக்கா. பொறாமை.

மார்ச் 10

ஏழு! மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அந்த மனிதர் எனக்காக எழுந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 12

நேரிலேயே பார்த்துவிடலாம் என்று நாணலுக்குள் நுழைந்தேன். ஒலிபெருக்கிப் பெட்டியைப் போட்டேன். பக்கத்திலேயே கூவியது. கனைத்தது. நாணலை விலக்கினால் – தொப்பி போட்ட ஓர் ஆள். மடியில் ஒலிபெருக்கி.

“நீங்க யாரு?”

“சாலைத் துறைக்குப் பறவை எண்ண வந்திருக்கேன். நீங்க?”

சொன்னேன். இருவரும் ஒருவர் பெட்டியை ஒருவர் பார்த்தோம்.

“நான் ஏழுன்னு எழுதிட்டேன் மேடம்,” என்றார். “ஆபீஸ்ல என்னைத் திட்டித் தீர்த்துட்டாங்க.”

“அந்தக் கனைப்பு?”

“பதிவு பண்ணவருக்குத் தொண்டை சரியில்ல போல.”

அவர் இடம் மாற மாற நான் எண்ணியிருக்கிறேன். நான் மாற மாற அவர். வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். ஏழும் போச்சு. சதுப்பும் போச்சு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மேலாளர்கிட்ட சொல்றது?

மார்ச் 13

சொல்லிவிட்டேன். மேலாளர் நிதானமாக உட்கார்ந்தார்.

“நாளைக்கு மட்டும் டைம் தரேன். பெட்டிய வீட்ல வெச்சிட்டுப் போங்கம்மா.”

மார்ச் 14

சொல்லிவைத்தபடி தொப்பிக்காரரும் பெட்டியில்லாமல் வந்தார். கரையில் உட்கார்ந்தோம். கொசு. லாரிச் சத்தம். வெயில் ஏறியது. இனி என்ன என்று அவர் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

கூவல்.

நான் அவர் கையைப் பார்த்தேன். ரொட்டி. அவர் என் கையைப் பார்த்தார். ஒன்றுமில்லை.

மறுபடியும் கூவியது. கனைக்கவில்லை.

ஏப்ரல் 2

அறிக்கை வந்தது. வரைபடத்தில் எங்கள் சதுப்பு பச்சையாக இருக்கிறது. கானாங்கோழி: 1. சாலைத் துறையின் கணக்கிலும் அதே ஒன்று. லாரிகளைக் காணவில்லை.

“ஒண்ணுதானா? அதுக்கா இந்தக் குதி குதிக்கிற?” என்றாள் அக்கா.

இரண்டாவதைத் தேட நாளைக் காலையில் போகிறேன். ரொட்டி தொப்பிக்காரர் கொண்டுவருகிறாராம். இதை மட்டும் அக்காவிடம் சொல்லவில்லை.