மழைக்கு முன்னால் அடித்தது

மக்கா,

இன்று காலையில் உன் கடைசிக் கையுறையும் கிழிந்துவிட்டது. பாறை மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வாலோரத்து முள் பெருவிரல் பக்கம் கொளுவி ஒரு இழுப்பு இழுத்ததில் தோல் பிளந்துவிட்டது. மீனைச் சட்டியில் போட்டுவிட்டு உறையை அலசிப் பிழிந்து கொடியில் காயப்போட்டேன். இனி அது எதற்கும் ஆகாது. ஆனாலும் தூரப்போட மனசு வரவில்லை.

கோல்ஃப் ஆடுகிறவர்கள் ஒரு கைக்குத்தான் உறை போடுவார்கள் என்று எனக்கு உன்னால்தான் தெரியும். முதல் தடவை விடுப்பில் வந்தபோது பெட்டிக்குள்ளிருந்து பதினோரு பழைய உறையை எடுத்து வைத்தாய். எல்லாம் இடது கை.

"வலது கை எங்கலே?"

"வலது கைக்கு நாங்க போட மாட்டோம் மைனி."

"பின்ன இத வச்சு நான் என்ன செய்யட்டு?"

"மீனப் பிடிக்கது எந்தக் கை? இடது கைதானே. வெட்டுகதுதான் வலது கை. செரியா இருக்குல்லா?"

அன்றிலிருந்து இந்த வீட்டில் மீன் வெட்டும்போதெல்லாம் என் இடது கையில் உன் உறை இருந்தது.

உன் இரண்டு கையும் இரண்டு ஆட்களின் கைபோல இருக்கும். வலது கை வெயிலில் கருத்திருக்கும், இடது கை உறைக்குள் கிடந்து வெளுத்திருக்கும். போன வருஷம் சவப்பெட்டியில் உன்னைக் கிடத்தி விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியபோதும் அந்த வித்தியாசம் முழுசாக மாறியிருக்கவில்லை. பார்க்க வந்த பெண்கள் ஏதோ சீக்கு என்று நினைத்துக் கேட்டார்கள். "சீக்கு இல்ல, அவனுக்க சோலி அப்பிடி" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்றால் நீ நம்புவாய்.

நான் உன் அண்ணனுக்கு வாக்கப்பட்டு தேங்காய்ப்பட்டணத்துக்கு வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். கடலுக்குப் போனால் உனக்கு வாந்தி வரும். மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது சின்னக் குறையா? ஆனால் கரையில் நின்றபடியே, இது கச்சான், இது வாடை, இன்னும் ஒரு நாழிகையில் திரும்பும் என்று காற்றைச் சொல்லிவிடுவாய். அதை வைத்து என்ன பிழைப்பு நடத்த முடியும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

இருபது வயதில் வளைகுடாவுக்குப் போனாய். பாலைவனத்துக்கு நடுவே புல் வளர்த்து வைத்திருந்த ஒரு மைதானம். அங்கே மணல் குழிகளை வாரிச் சமப்படுத்துகிற வேலை. வெள்ளிக்கிழமை விடிகாலையில், பணக்காரர்கள் வருவதற்கு முன்னால் வேலைக்காரர்களும் ஆடலாம் என்று விட்டிருந்தார்கள். யாரோ ஒடித்துப் போட்ட மட்டையை ஒட்டவைத்து ஆரம்பித்தவன், நாலு வருஷத்தில் அங்கே யாராலும் தோற்கடிக்க முடியாத ஆளாகிவிட்டாய். பிறகு தொழில்முறை ஆட்டக்காரன் என்று பதிவு. வளைகுடாப் போட்டிகள், வங்காளதேசம், மலேசியா, வியட்நாம், தைவான். ஒரு தடவை ஸ்காட்லாந்து. அங்கே கடலோரத்தில் அடித்த காற்றில் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் திணறியபோது நீ பந்தை இடுப்பளவு உயரத்தில் தாழ்த்தி அடித்தாய். "நம்ம பொழிமுகத்துக் காத்துதான் மைனி. கொஞ்சம் குளிரு கூடுதல், அவ்வளவுதான்" என்று போனில் சொன்னாய்.

உன் அண்ணனுக்குக் கடைசிவரை இந்த ஆட்டம் பிடிபடவில்லை. "கடல்ல வலையெறிஞ்சா மீனாவது கேறும். இவன் பந்தக் குழியில போடுகான், பெறகு அவனே குனிஞ்சு எடுக்கான். இதுக்கு ஏரோப்ளேன்ல வேற போறான்" என்பார். ஆனால் ஏலக்கூடத்தில் யாராவது உன்னை விசாரித்தால், தம்பி எந்த நாட்டில் நிற்கிறான் என்று சரியாகச் சொல்வார். என் நோட்டைப் பார்த்துத்தான் சொல்வார்.

அந்த நோட்டு உனக்கு நினைவிருக்கும். பால் கணக்குக்கு வாங்கிய நீள நோட்டு. நீ ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கூப்பிடுவாய். பதினெட்டுக் குழி, எந்தக் குழிக்கு எத்தனை அடி, எந்தப் பக்கத்துக் காற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்வாய். நான் கட்டம் போட்டு எழுதுவேன். நீ ஆடுகிற நேரத்தில் நான் இங்கே குழிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடித்திருப்பேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நீ கொண்டுவந்து தந்த கோல்ஃப் விதிப்புத்தகத்தை அகராதி வைத்து நாளுக்கு ஒரு வரி என்று படித்து முடித்தேன். "சின்னக் குறிப்பிடம் படிக்கது கணக்கா இருக்கு, மைனி" என்று நீ சிரித்தாய். கோயிலில் தருகிற சின்ன ஞான உபதேசப் புத்தகம்போல நான் படித்தேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னாய்.

தாய்லாந்தில் நடந்த அந்தத் தகுதிப் போட்டிக்கு வருகிறேன்.

அதில் தேறினால் அடுத்த வருஷம் முழுக்க ஆசிய நாடுகளின் பெரிய போட்டிகளில் ஆடலாம். இல்லாவிட்டால் பழையபடி பாலைவனத்து மைதானத்தில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மூன்று தடவை போய் மூன்று தடவையும் தவறியிருந்தாய். வயது முப்பத்தைந்து. கடைசிச் சுற்று முடிந்து, சாயங்காலக் கோயில் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது.

"மைனி, கெடச்சாச்சு! கடைசி எடம். ஒரே ஒரு அடி வித்தியாசத்துல!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் அண்ணன் அப்போதுதான் துறைமுகத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "ஜெயிச்சிட்டானா?" என்றார். "இல்ல, எடம் கெடச்சிருக்கு." "பின்ன எதுக்கு நீ கெடந்து கரையுக?"

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ சொல்லச் சொல்ல எழுதினேன்.

"பதினாலாவது, நாலு. அதுலதான் மைனி, மொதல் அடியிலேயே பந்து பொதருக்குள்ள போச்சு. உள்ள கேறி ஒண்ணு அடிச்சேன், நாலு வெரக்கடைதான் நகந்து. அப்பம் பாத்து இடி வருகுன்னு சங்கு ஊதிட்டான். எல்லாரும் ஓடினோம். ஒன்றரை மணிக்கூர் மழை. பெறகு வந்து பொதருக்குள்ள நின்னு அடிச்சேன் பாருங்க ஒண்ணு, வெளிய வந்துட்டு. அடுத்தது கொடிக்கிட்ட. பெறகு ஒரு தட்டு, உள்ள."

பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று சொல்லி முடித்தாய். போனை வைக்காமல், அந்தப் புதரையும் மழையையும் திரும்ப ஒரு தடவை முதலிலிருந்து சொன்னாய். சந்தோஷத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை சொல்லி முடித்தபோது கேட்டேன்:

"மக்கா, மழைக்கு முன்னால பொதருக்குள்ள அடிச்சத எண்ணினியா?"

அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னேன்:

"நீ சொல்லுகத வச்சு எண்ணினா அஞ்சு வருதே மக்கா."

"இன்னொரு தடவ எண்ணுங்க மைனி."

எண்ணினேன். முதல் அடி ஒன்று. புதருக்குள் ஒன்று. மழை. புதரிலிருந்து வெளியே ஒன்று. கொடிக்குப் பக்கத்தில் ஒன்று. தட்டியது ஒன்று.

கூட ஆடியவன் தூரத்தில் தன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான். உன் பையைத் தூக்குகிறவன் கொடி நிற்கிற இடத்தைப் பார்க்க முன்னால் போயிருந்தான். புதருக்குள் நடந்தது உனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். இப்போது எனக்கும். ஆட்டம் முடிந்து கொடுக்கிற அட்டையில் அடியைக் கூட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டால் கூட்டினது அப்படியே நிற்கும். குறைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் போட்டியிலிருந்தே வெளியே. நீயோ நாலு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தாய். இது அந்த விதிப்புத்தகத்தில் இருக்கிறது. தெரிந்துதான் கேட்டேன்.

"செரி மைனி, வச்சிருங்க" என்றாய்.

நான் ஜெபமாலையைத் தொடங்கி எந்த மறையுண்மையில் நிற்கிறேன் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிக்கும் முன்னால் உன் செய்தி வந்தது. "அஞ்சுதான் மைனி. போய்ச் சொல்லிட்டேன்." அவ்வளவுதான்.

உன் அண்ணன் அன்று சாப்பிடவில்லை. "அவனுக்க சோத்துல மண்ண வாரிப் போட்டுட்டியே. அந்த நோட்டக் கொண்டு அடுப்புல வை" என்றார். பிறகு ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. நீ இரண்டு வருஷம் பாலைவனத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாய். மூன்றாம் வருஷம் தேறினாய். அதன்பிறகு ஆறு வருஷம் ஆடினாய். ஒரு கோப்பை கொண்டுவந்து கோயிலில் வைத்து மந்திரிக்கச் சொன்னாய். உன் அண்ணன் அன்றைக்கு ஊருக்கெல்லாம் கேக் கொடுத்தார். ஆனால் அந்த இரண்டு வருஷம் என் நெஞ்சில் அப்படியே கிடந்தது. கை காலில் உனக்கு நல்ல வலு இருந்த வருஷங்கள் அவை. பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னேன். "இதில் பாவம் எங்கேம்மா இருக்கிறது?" என்று சாமியார் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

போன வருஷம், மருந்து எல்லாம் போதும் என்று டாக்டர் உன்னை வீட்டுக்கு அனுப்பியபின், ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"மக்கா, அன்னைக்கு நான் எண்ணாம இருந்திருந்தா உனக்கு ரெண்டு வருஷம் போயிருக்காதுல்லா?"

நீ கஞ்சியை விழுங்கிவிட்டுச் சிரித்தாய்.

"எனக்குப் பஸ்ல ஏறினப்பவே சந்தேகம் வந்துட்டு மைனி. கையெழுத்துப் போட்டாச்சு. எனக்க வாயால சொல்லுகதுக்குத் தைரியம் இல்ல. அதுனாலதான் உங்கள்ட்ட மழைக் கதைய ரெண்டு தடவ சொன்னேன். நீங்க எண்ணுவியன்னு தெரியும்."

"கள்ளப் பயலே! ஒம்பது வருஷமா நான் கல்லச் சொமந்துட்டுத் திரியுகேன்!" என்று தோளில் கிடந்த துண்டால் உன்னை அடித்தேன். அதற்குள் நீ, "மெதுவா மைனி, அதையும் எண்ணிக்கிடுங்க" என்றாய். வாசலில் நின்ற உன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

அந்தக் கல் அன்றே இறங்கிவிட்டது. ஆனால் நீ என்னிடம் எல்லாம் சொன்னாய், நான் உன்னிடம் சொல்லவில்லை.

இப்போது ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, நினைவில் இருப்பதையெல்லாம் சொல்லிப் பார்த்தபின், "மழைக்கு முன்னால அடிச்சத எண்ணினியா?" என்று என்னையே கேட்கிறேன். கேட்டால் ஒன்றாவது வெளியே வரும். போன சனிக்கிழமை வந்தது இது; சாமியாரிடம் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்று நீ முதல் தடவை சொன்னபோதே நான் எண்ணிவிட்டேன். ஜெபமாலை கையில்தான் இருந்தது. ஐந்தாவது மணியில் விரல் நின்றது. இருந்தும் நாலு என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த குழிக்குப் போனேன். பதினைந்து, பதினாறு, பதினேழு, பதினெட்டு. நாலு குழிக்கு வாயைத் திறக்கவில்லை. நீ மழைக் கதையை இரண்டாம் தடவை எடுத்திருக்காவிட்டால் கேட்டிருப்பேனா, எனக்கே தெரியாது.

நோட்டு இப்போது மடியில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் மட்டும் மை கனத்திருக்கிறது. ஐந்துக்கு அடியில் நாலு தெளிவாகத் தெரிகிறது. வெளியே கொடியில் உன் உறை காய்கிறது. காய்ந்ததும் இந்தப் பக்கத்தில் வைத்து நோட்டை மூடிவிடலாம் என்றிருக்கிறேன்.

நாளைக்குச் சனிக்கிழமை. இந்தத் தடவை சாமியார் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது. அவரிடம் சொல்வதற்கு முன்னால் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன், மக்கா.

உன் மைனி